புழுவின் பகைவரும் தோட்டத்தின் காவலரும்



ஆந்திர மாநிலத்தில் சித்தூரிலும் திருப்பதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுடைய வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு தோட்டமும், அதில் தவறாமல் ஒரு கறிவேப்பிலைச் செடியும் இருக்கும். இடம் சிறிது மிகுந்தால் ஓர் எலுமிச்சை. இன்னும் மிகுந்தால் ஒரு மாமரம். அடுக்கு வீட்டில் குடியிருப்போரும் ஒரு மண்தொட்டியிலாவது கறிவேப்பிலை வளர்க்காமல் விடுவதில்லை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருந்து இப்பேச்சைக் கேட்கும் அன்பர்களும் இதற்கு விலக்கல்லர் என எண்ணுகிறோம்.

அந்தச் செடியைச் சுற்றி நாள்தோறும் ஓசையின்றி ஒரு பெரும் போர் நடைபெறுகிறது. வண்ணத்துப்பூச்சியையும், அதன் இளமைப் பருவமாகிய புழுவையும் இரையாகக் கொண்டு வாழும் உயிர்கள் யாவை? அவை நமக்குப் பகையா, நட்பா? இவ்விரண்டு வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

வண்ணத்துப்பூச்சியை விரும்பாதவர் இலர். தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டார் அதனைச் ‘சீதாகோக சிலுக’ என்று அழைக்கின்றனர். கோக என்பது புடவை. சிலுக என்பது கிளி. சீதையின் புடவையை உடுத்த கிளி என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். எவ்வளவு அழகிய பெயர்! ஆயினும், அதே கிளி சில நாட்களுக்கு முன்பு புழுவாக இருந்து கறிவேப்பிலையைத் தின்றபோது, அதனைக் கண்டு முகஞ் சுளித்தவரே மிகுதி. மருந்துக் கடைக்குச் சென்று நஞ்சு வாங்கிவந்து தெளித்தவரும் உளர். இதற்கு நேர்மாறான இரக்கம் உடையவர் சிலரும் உளர். புழுவைத் தூக்கிச் செல்லும் குளவியை அவர்கள் துரத்துவர். பூச்செடியில் கட்டிய சிலந்தி வலையைக் கோலால் கலைப்பர். முன்னவர் புழுவைப் பகைக்கின்றார். பின்னவர் புழுவின் பகைவரைப் பகைக்கின்றார். தோட்டத்தின் கணக்கு இவ்விருவருக்கும் தெரிவதில்லை. அக்கணக்கை விளங்கிக்கொள்ள முதலில் புழுவின் வாழ்வைக் காண்போம்.

கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் உரியவை இரண்டு வண்ணத்துப்பூச்சிகள். ஒன்று எலுமிச்சை அழகி. மற்றொன்று கறிவேப்பிலை அழகி. இளந்தளிரைத் தேடி, பெண் பூச்சி ஒவ்வொன்றாக முட்டையிடும். கடுகினும் சிறிய உருண்டை அது. மூன்று நான்கு நாட்களில் புழு வெளிப்படும். இளம் புழு, கறுப்பும் வெள்ளையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவையின் எச்சம் போலவே தோன்றும். எச்சத்தைக் கொத்தித் தின்னும் பறவை ஏது? அதுவே அதன் முதற் கவசம். பின்னர்ப் பல முறை தோலுரித்து வளர்ந்தபின் இலையின் பச்சை நிறத்தைப் பெற்றுவிடும். அப்பொழுது அதனைத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரு கிளைக் கொம்பொன்று சட்டென வெளிப்படும். கூடவே கடுநெடி ஒன்றும் எழும். எறும்பு முதலிய சிற்றுயிர்கள் அந்நெடிக்கு ஒதுங்கிவிடும். பறவையிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்களில் உண்டு கொழுத்த புழு, இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகத் தொங்கும். அப்பொழுதும் பச்சைக் கொம்பாயின் பச்சையும், பழுத்த கொம்பாயின் பழுப்புமாகச் சூழலுக்கேற்ற நிறம் கொள்ளும்.

சித்தூர் வட்டாரம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்றது அன்றோ? அந்த மாவிலையிலும் ஒரு புழு உண்டு. உடலின் இரு மருங்கிலும் இறகு போன்ற பச்சை முட்கள் விரிய, முதுகில் ஒரு கோடு ஓட, இலையின் நடுநரம்போடு தன் கோட்டைப் பொருத்திப் படுத்துக்கொள்ளும். கண்முன் இருந்தாலும் காண இயலாது.

இவ்வளவு மறைவும் எதற்காக? தேடி வருபவர் அத்துணைப் பேர் என்பதனால்தான்.

வேளாண் நூல்கள் அவர்களை இருவகையாகப் பிரிக்கின்றன. பிடித்துத் தின்பவை ‘இரைவிழுங்கிகள்’. உடலில் குடியேறி உள்ளிருந்தே உண்பவை ‘ஒட்டுண்ணிகள்’. இரண்டையும் சேர்த்து ‘இயற்கை எதிரிகள்’ என்பர். மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்தொடரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் ஓர் ஐயம் எழுவதுண்டு. எதிரி என்ற சொல் நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது. குற்றவாளி ஒருவனைக் கூண்டில் நிறுத்துகிறது. தோட்டத்தில் நடப்பதோ வேறு.

முதலில் கண்ணுக்குத் தெரியும் இரைவிழுங்கிகளைப் பார்ப்போம். மின்கம்பியில் அமர்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சானும், பச்சைப் பஞ்சுருட்டானும், பறந்து செல்லும் வண்ணத்துப்பூச்சியை வானிலேயே மடக்கிப் பிடிக்கும். தையற்சிட்டு செடிக்குள் புகுந்து இலையடியில் சிறு புழுக்களைத் தேடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தரையையும் புதரையும் கிளறும். மயிரடர்ந்த கம்பளிப்பூச்சியை நாம் தொடவும் அஞ்சுகிறோம். குயிலினத்தைச் சேர்ந்த அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் அதனை விரும்பி உண்கின்றன. செம்போத்தும் அவ்வாறே.

தோட்டத்து வேலியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணான் மற்றொரு வேட்டைக்காரன். ஏதோ ஒரு பழங்கதையைக் காரணங்காட்டி, சிறுவர்கள் அதனைக் கல்லெறிந்து கொல்வது நம் ஊர்களில் நெடுநாளாக உள்ள கொடுமை. ஒவ்வோர் ஓணானும் நாள் முழுதும் ஊதியமின்றி உழைக்கும் ஒரு தோட்டக்காரன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

பூவின் இடையே கைகூப்பி நிற்பது கும்பிடுபூச்சி. அக்கும்பிடு வழிபாட்டுக்கு அன்று. தேனுண்ண வரும் பூச்சியைப் பிடிப்பதற்கு. பூவின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டு அதன் இதழில் காத்திருக்கும் நண்டுச் சிலந்தியும் உண்டு. சிலந்தி என்றவுடன் சீகாளத்தி நினைவுக்கு வருகிறது. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள அத்தலத்தில் சிலந்தியும் பாம்பும் யானையும் இறைவனை வழிபட்டன என்பது தலவரலாறு. சிலந்தியைப் பெயரிலேயே தாங்கிய ஊருக்கு அருகில் வாழும் நாம், வீட்டுத் தோட்டத்துச் சிலந்திக்குச் சிறிது இடம் கொடுத்தல் தகும். மேலும், வலையில் சிக்கிய வண்ணத்துப்பூச்சிகள் யாவும் மடிந்துபோவதில்லை. சிறகின் மேலுள்ள மெல்லிய செதில்கள் பசையோடு ஒட்டி உதிர்ந்துவிட, பூச்சி நழுவித் தப்புவதும் உண்டு. விரலில் ஒட்டும் அந்த வண்ணப்பொடி, அழகுக்கு மட்டும் அமைந்ததன்று.

இனிக் குளவிகள். கூரையின் அடியில் காகிதம் போன்ற கூட்டைக் கட்டும் குளவி, புழுவைக் கடித்து மென்று உருண்டையாக்கித் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். மண்குளவியின் செயல் இதனினும் வியப்பானது. சுவரிலும் சன்னற்சட்டத்திலும் அது சிறு மண்குடம் சமைக்கும். புழுவைக் கொட்டி, உயிர் போகாமல் அசைவு மட்டும் போகுமாறு செய்து, குடத்துக்குள் அடைக்கும். அதனுள் ஒரு முட்டையும் இட்டு வாயை மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு, கெடாமல் இருக்கும் அந்த உணவை உண்டு வளர்ந்து, குடத்தைத் துளைத்துக்கொண்டு குளவியாகப் பறந்து செல்லும்.

நம் முன்னோர் இதனைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். உள்ளே சென்றது புழு. வெளியே வந்தது குளவி. எனவே, குளவி கொட்டக் கொட்ட, அதனையே நினைந்து நினைந்து புழுவும் குளவியாகிவிடுகிறது என்று முடிவு கட்டினர். குருவை இடைவிடாது எண்ணும் மாணாக்கனுக்கும், இறைவனை எண்ணும் அடியவனுக்கும் அதனை உவமையாக்கினர். வேதாந்திகள் இதனைப் ‘பிரமர கீட நியாயம்’ என்பர். உவமை உயர்ந்தது, ஐயமில்லை. ஆயின் குடத்துக்குள் நடப்பது வேறு என்பதை இன்று அறிவோம். வீட்டில் குளவி கூடு கட்டினால் மகப்பேறு உண்டு என்ற நம்பிக்கையால் பல வீடுகளில் அக்கூட்டை இன்றும் இடிப்பதில்லை. காரணம் எதுவாயினும், பழக்கம் நல்லது. அதனை விட்டுவிடாதிருப்போம்.

எறும்பையும் மறத்தலாகாது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைக் கொண்டு எலுமிச்சை இனத்துத் தோட்டங்களைச் சீனர் காத்துவந்தனர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டினது என்று கூறப்படும் ஒரு சீன நூல், அவ்வெறும்புக் கூடுகள் சந்தையில் விற்கப்பட்டதைக் குறிப்பிடுகின்றது. உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் முறைக்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றாக இதனைக் கொள்வர். ஆனால் எறும்பின் அரசியல் விந்தையானது. எலுமிச்சைத் தளிரைத் தின்னும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு, இனிய நீரைச் சுரந்து எறும்புக்குக் கொடுக்கும். எறும்பு அதனைத் தின்னாமல் காவல் புரியும். ஒரு புழுவுக்கு எமன். மற்றொரு புழுவுக்கு மெய்க்காவலன்!

இவையெல்லாம் வெளிப்படையான வேட்டை. ஒட்டுண்ணிகளின் வேலையோ மறைவானது. டிரைக்கோகிரம்மா என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத சிறு குளவி. அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும். கரும்பைத் துளைக்கும் புழுவை அடக்க, இதனை அட்டைகளில் வளர்த்து உழவர்களுக்கு வழங்குகின்றனர். வேறு சில சிறு குளவிகள் வளர்ந்த புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளே வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவந்து, வெண்பஞ்சு போன்ற கூடுகளைப் பின்னிக்கொள்ளும். புழுவின் மேலும் அருகிலும் அரிசி போன்ற வெண்மணிகளைக் கண்டால் அவை புழுவின் முட்டைகள் என்று எண்ணி நசுக்குவோர் பலர். அவை நமக்கு உதவி புரியும் குளவிகளின் தொட்டில்கள். வீட்டு ஈயைப் போன்று தோன்றி, உடலெங்கும் முரட்டு மயிர் கொண்ட ஈ ஒன்றும் இவ்வாறே புழுவின்மேல் முட்டையிடும்.

இத்தனை பேரிடமிருந்தும் தப்புவதற்கு வண்ணத்துப்பூச்சிகள் மேற்கொண்ட வழிகளும் பல. அவற்றுள் தலையாயது நஞ்சை உண்டு நஞ்சாக நிற்பது. எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் அவ்வகையினது. நீல வரியன் மற்றொன்று. அது கொடிப்பாலை முதலிய பாலுள்ள கொடிகளைத் தின்று வளரும். பின்னர்க் கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்குச் செடியிலும் அமர்ந்து, ஆண்பூச்சிகள் கசப்புப் பொருள்களைத் திரட்டிக்கொள்ளும். ஒரு முறை அதனைச் சுவைத்த பறவை மறுமுறை நெருங்கத் தயங்கும். இந்த நீல வரியன் சேர்ந்த பேரினத்துக்கு, பூச்சியியல் அறிஞர் பிரெடெரிக் மூர் 1880-ஆம் ஆண்டில் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘திருமலா’! ஏழுமலையின் பெயர் உலக அறிவியல் ஏடுகளில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பெயராக விளங்குகின்றது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்குச் சமவெளி நோக்கிக் கூட்டங்கூட்டமாக வந்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் திரும்பிச் செல்வதும் இவ்வினத்தின் வழக்கம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு இது உறவு போலத் தோன்றுகிறது.

நஞ்சில்லாத பூச்சி என்ன செய்யும்? நஞ்சுள்ளதைப் போல வேடம் புனையும். ஈசுவரமூலிக் கொடியைத் தின்று வளரும் சிவப்பு உடல் கொண்ட அழகிகள் இரண்டு. இரண்டும் பறவைக்கு உதவாதவை. கறிவேப்பிலை அழகியின் பெண்களுள் சில முன்னதைப் போலவும், சில பின்னதைப் போலவும், சில தம் ஆணைப் போலவும் தோன்றும். ஆங்கிலேய அறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-இல் இவ்வினத்தின் பல்லுருப் பெண்களை ஆராய்ந்து எழுதினார். ஒரே இனத்தில் இத்தனை வேடங்கள் எவ்வாறு இயன்றன என்ற வினாவுக்கு, 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் ஆய்ந்தோரும் விடை கண்டனர். ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் ஒரு தனி மரபணுவே இவ்வேடத்தையும் வகுக்கிறது என்று அவர்கள் காட்டினர். உலகெங்கும் பேசப்படும் அந்தப் பூச்சி, நம் தாளிப்புக்கு உரிய கறிவேப்பிலையைத் தின்று வளர்வது என்பதை எண்ணும்போது, சில இலைகளை அதற்கு விட்டுக்கொடுப்பது பெரிதாகத் தோன்றுமா?

வேடத்தையும் நஞ்சையும் உருவாக்கியவர் யார்? பறவையும் ஓணானும் சிலந்தியுமே. தெளிவாகத் தெரிந்தவற்றை அவை தின்றன. மறைந்தவையும் கசந்தவையும் எஞ்சின. எண்ணற்ற தலைமுறைகள் இவ்வாறு தேர்ந்து தேர்ந்து வந்ததன் விளைவே சீதையின் புடவை. பகைவர் இலரேல் அவ்வேடங்களும் இல்லை.

இப்பொழுது நாம் முதலில் குறித்த கணக்குக்கு வருவோம். ஒரு பெண் பூச்சி 100 முட்டையிடுவதாகக் கொள்வோம். நூறும் பிழைத்து, அவற்றில் பாதி பெண்ணாயின், அடுத்த தலைமுறையில் 5,000. அதற்கும் அடுத்ததில் 2,50,000. வெப்பக் காலத்தில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும். மூன்றே மாதங்களில் அத்தெருவில் ஒரு கறிவேப்பிலை இலையும் எஞ்சாது. பின்னர்ப் புழுக்களும் பட்டினியால் மடியும். எண்ணிக்கை ஏறாமலும் இறங்காமலும் இருப்பதற்கு, நூற்றில் இரண்டு மட்டும் சிறகு விரித்தால் போதும். எஞ்சிய தொண்ணூற்றெட்டும் எவருக்கேனும் உணவாகவோ, நோய்க்கும் வெயிலுக்கும் இரையாகவோ ஆகவேண்டும். தையற்சிட்டின் குஞ்சுக்கும் குளவியின் குஞ்சுக்கும் அவையே சோறு. இரக்கத்தால் குளவியைத் துரத்துவோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நஞ்சு தெளிப்போர் எண்ண வேண்டியது இன்னொன்று. பல்வகைப் பூச்சிகளையும் கொல்லும் நஞ்சு, புழுவோடு குளவியையும் சிலந்தியையும் கும்பிடுபூச்சியையும் கொல்கிறது. சில நாட்களில் அயல் தோட்டத்து வண்ணத்துப்பூச்சி மீண்டும் வந்து முட்டையிடும். புழு உடனே தோன்றும். இரை போதிய அளவு பெருகிய பின்னரே இரைவிழுங்கி திரும்பும். அந்த இடைவெளியில் காவலற்ற செடியில் புழுவுக்குக் கொண்டாட்டம். எனவே மீண்டும் நஞ்சு; மீண்டும் புழு. இதனிடையில் அந்த இலை எங்குச் செல்கிறது? நம் குழம்புக்கு. சந்தையில் விற்கும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்தின் எச்சம் இருப்பதைக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சோதனைகள் பலமுறை காட்டியுள்ளன. அதற்கு அஞ்சியே வீட்டில் செடி வளர்க்கிறோம். அச்செடியிலும் நஞ்சைத் தெளித்துவிட்டால் வளர்த்ததன் பயன் யாது?

ஆகவே, வீட்டுத் தோட்டத்தில் செய்யத்தக்கன சில. செடி சிறிதாகவும் புழு பலவாகவும் இருந்தால், இலையோடு புழுவை எடுத்து வேறொரு பெரிய கறிவேப்பிலையிலோ, எலுமிச்சையிலோ, வில்வத்திலோ விட்டுவிடலாம். எலுமிச்சை அழகியின் புழுவுக்கு வில்வமும் ஏற்ற உணவே. செடி பெரிதாயின் ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. தின்ற கிளை மீண்டும் துளிர்க்கும். இயலுமாயின் இரண்டு செடி நட்டு, ஒன்றைத் தமக்கும் ஒன்றைப் புழுவுக்கும் ஒதுக்கலாம். வேலியோரத்து எருக்கை வெட்டாமல் விட்டால் வெந்தய வரியன் வரும். வழியை மறிக்காத சிலந்தி வலையையும், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் உள்ள மண்கூட்டையும் அப்படியே விடலாம். வாயிலின் மேலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் பெருங்குளவிகள் கூடு கட்டினால் அறிந்தவரைக் கொண்டு அகற்றுவதே முறை. ஒரு தட்டில் நீர் வைத்தால் பறவைகள் தங்கும். புழு வண்ணத்துப்பூச்சியாகும் விந்தையைப் பிள்ளைகள் காண விரும்பினால், ஒரு கிளையின்மேல் கொசுவலைத் துணியைக் கட்டி, ஒன்றிரண்டு புழுவை அதனுள் காக்கலாம். அதற்காக வெளியே உள்ள குளவியைக் கொல்லத் தேவையில்லை.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இதில் ஒரு நற்பேறு உண்டு. 1989-இல் தேசியப் பூங்காவாகவும், 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடுகள் இவ்வட்டாரத்தை அடுத்தே உள்ளன. வீட்டுத் தோட்டங்கள் நஞ்சின்றி இருந்தால், அக்காட்டின் பறவைக்கும் பூச்சிக்கும் அவை வழிநடைச் சத்திரங்களாக அமையும். பிற மாநிலங்களில் வாழும் அன்பர்கள் தங்கள் மாடித் தொட்டியில் உள்ள ஒற்றைச் செடியையும் அவ்வாறு ஒரு சத்திரமாக்கலாம்.

கடித்த இலை ஒன்றைக் காணும்போது, அச்செடியில் எவரோ விருந்துண்டனர் என்று கொள்வோம். அவ்விருந்தினரை அளவோடு நிறுத்தக் காவலர் பலர் ஏற்கெனவே வந்திருக்கின்றனர். அவர்கள் வேலையைக் கெடுக்காமல் இருப்பதே நம் பங்கு.